பட்டினிப் பாதி

சாக்கோட்டை,
தை மாதம், 1934.

ரங்கூனில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, சோணையம்மாள் வணங்கி எழுதுவது. இங்கே மாமா, பிள்ளை, கொழுந்தனார் மாயக்கண்ணன், அவர் பெண்டாட்டி கருப்பி, மாடு கன்று எல்லோரும் சுகம். போன கடிதத்தில் எனக்கென்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. இந்தத் தடவை தாராளமாக எழுதவும்.

அறுப்பு முடிந்துவிட்டது. நம் வயல் செய்யில் விளைவது சாப்பாட்டுக்குக் கண்டால் ஊருக்கு வருகிறேன், இல்லாவிட்டால் அங்கேயே கிட்டங்கி வேலைக்கு இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள். என்ன இருந்தாலும் மாமா உங்களைப் பெற்றவர்.

விவசாய இலாகாவிலிருந்து காசிவிஸ்வநாதன் என்று ஒருவர் சைக்கிளில் சீமை உரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். ஏதோ பரீட்சையாம். நம் செய்யின் நடுவே வரப்புப் போடச் சொன்னார். ஒரே விதை, ஒரே கண்மாய்த் தண்ணீர், ஒரே நாளில் நடவு. ஒரு பாதிக்கு மட்டும் உரம், மறுபாதிக்கு ஒன்றுமே போடக்கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லதென்றால் முழுக்கப் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். "முழுக்கப் போட்டா, விளைஞ்சது உரத்தாலயா, இந்த வருஷத்து மழையாலயான்னு எப்படித் தாயி சொல்லுவீக? போடாத பாதிதான் சாட்சி சொல்லணும்" என்றார். அதுவும் சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாமா மூடவில்லை. அதற்குப் பட்டினிப் பாதி என்று பேர் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார். உரம் போட்ட பாதி கருகருவென்று எழும்பியது. பட்டினிப் பாதி வெளிறி நின்றது. பிறகு பார்த்தால், ஐயனாரே, அதுவும் பச்சைகட்டி மேலே வருகிறது! காசிவிஸ்வநாதன் வரப்பில் குந்தித் தலையைச் சொறிந்தார். சேற்றுக்குள் கையை விட்டார். கை நிறைய ஆட்டுப்புழுக்கை வந்தது.

நாங்கள் சந்தைக்குப் போகும் நாளாகப் பார்த்து மாமா கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறார்! கேட்டதற்கு, "ஒரே வயித்துல பொறந்த ரெண்டுல ஒண்ணுக்குச் சோறு, ஒண்ணுக்குப் பட்டினியா? நீங்க பாத்துக்கிட்டு நிப்பீக. எனக்கு மனசு கேக்கலய்யா" என்று அழாத குறையாகச் சொன்னார். கோபப்பட வந்த மனுஷர் சிரித்துவிட்டார். சும்மா விட்ட பாதியே இல்லாமல் போனதால், தன் உரத்தால் எவ்வளவு, மழையால் எவ்வளவு என்று இனி சொல்ல முடியாதாம். அடுத்த போகத்துக்கு முள்வேலி போட்டு மறுபடி பார்க்கலாம் என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

அவருக்குத்தான் முடிவு தெரியவில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பாதியும் போட்டி போட்டு விளைந்ததில் நெல் கொட்டும் குலுக்கை நிறைந்து, மிச்ச நெல் மூட்டையாகக் கிடக்கிறது. அடுத்த அறுப்பு வரைக்கும் தாராளமாகக் காணும். மழை பொய்த்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து கவலைப்படுவோம்.

இன்னொன்று. நீங்களும் உங்கள் தம்பியும் ஒரே முகூர்த்தத்தில்தான் தாலி கட்டினீர்கள். கருப்பியும் நானும் ஒரே உலைச் சோறு தின்று, ஒரே ஊருணித் தண்ணீர் குடிக்கிறோம். கொழுந்தனார் போன சித்திரையில் கப்பலை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்தார். அவளை இப்போது பார்க்க வேண்டுமே! கன்னம் உப்பி, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. காசிவிஸ்வநாதன் கண்ணில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படாமல் இருக்க வேண்டும்.

போடாத பாதி சொல்ல வேண்டிய சாட்சியைச் சொல்லிவிட்டது மச்சான். எனக்கென்று ஒளித்துக் கொண்டுவந்து கொட்ட மாமாவின் கூடையில் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடாமல் வாருங்கள். கடல் அலை அடங்கி, ஐயனார் துணையிருந்து உங்களைக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
சோணையம்மாள்