என் பக்கம் திரும்பிய தட்டு

நீ இறந்த நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹாவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் தம்பி வீடு தேடி வந்தான். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "வரணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். மறுக்க இடம் கொடுக்காதவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனாலும் போனேன். பாயில் உட்கார்ந்ததும் எங்கள் நடுவே சஹனைக் கொண்டுவந்து வைத்தார்கள். நால்வர் சேர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டிலிருந்து நெய்ச்சோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. பட்டையும் ஏலமும் பொரித்த வெங்காயமும் கலந்த அந்த வாசனையில் வேறு யாருக்காவது கல்யாணவீடு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது கப்பல்.

நம் தெருக் கல்யாணங்களில் நீயும் நானும் ஒரே சஹனில்தான் உட்காருவோம். சோற்றுக்குள் புதைந்திருக்கும் ஈரல் துண்டைக் கண்டுபிடிப்பதில் நீ கெட்டிக்காரன். கண்டுபிடித்ததும் தின்ன மாட்டாய். தட்டின் விளிம்பைப் பிடித்து மெல்லத் திருப்புவாய். ஈரல் என் முன்னால் வந்து நிற்கும். கூட உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், தங்கள் பக்கத்துக் கறி நகர்ந்து போவதைப் பார்த்து முறைப்பார்கள். ஒருமுறை ஒருவர் பொறுக்க மாட்டாமல், "எடா, இது தட்டா, எண்ணெய்ச் செக்கா?" என்று கேட்டார். நீ தலை நிமிராமலே, "நல்ல துண்டு அவனுக்கு" என்றாய்.

பிறகு நான் தினமும் படகேறி எர்ணாகுளத்துக்குக் கல்லூரிக்குப் போனேன். நீ கப்பலேறினாய். முதலில் பாத்திரம் கழுவினாய். பிறகு பயணிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலைக்கு உயர்ந்தாய். விடுமுறையில் வந்தால் உன் வீட்டுப் பீங்கான் தட்டுகளை முன்கையில் வரிசையாக அடுக்கி நடந்து காட்டுவாய். உன் அம்மா அடுக்களையிலிருந்து கத்துவார். சாப்பிடுபவரின் இடப்பக்கம் நின்று பரிமாற வேண்டும், வலப்பக்கம் வந்து தட்டை எடுக்க வேண்டும், கத்தியும் முள்கரண்டியும் சேர்ந்து கிடந்தால் போதும் என்று பொருள். இதையெல்லாம் நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது வேறு கப்பல்களும் இருந்தன. உன் கப்பல் என்பதற்காகவே அதில் போனேன். அந்நிய ஊருக்குப் போகும் பயம் இருந்தது. போகும் வழியிலாவது நீ இருப்பாய் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலை, சாப்பாட்டு மணியைத் தட்டிக்கொண்டு ஒருவர் நடைவழியில் போனார். உள்ளே வெள்ளை விரிப்புகள், ஒவ்வொருவர் முன்னாலும் சின்னதும் பெரியதுமாய்க் கரண்டிகளின் வரிசை. என் மேஜையில் எர்ணாகுளத்து வக்கீல் ஒருவர், அவர் மனைவி, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர். வெள்ளைச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக நீ வந்தாய். நான் எழுந்து உன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினேன். நீ என் கையைப் பார்க்கவில்லை.

"குட் ஈவினிங், சார். சூப் எடுக்கட்டுமா, சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாய்.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஜைமேல் இருந்த துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டேன். வக்கீல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "கூட்டுக்காரனோ?" என்று கேட்டார். நண்பன் என்று சொல்லாமல், ஒரே தெரு என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் மறந்திருப்பேன். சிரிக்காமல் தன் மனைவியைப் பார்த்தார். அவரை இன்றும் படகுத்துறையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மறுநாள் நடைவழியில் உன்னைத் தனியாகப் பார்த்தேன். நீ சுவரோடு சுவராக ஒட்டி நின்று எனக்கு வழிவிட்டாய். "எக்ஸ்கியூஸ் மீ, சார்."

அன்று மதியம்தான் அதைக் கவனித்தேன். ஹலால் இல்லாத கப்பல் இறைச்சி எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். கேட்காமலே மீன் கொண்டுவந்தாய். நீள்தட்டை என் இடப்பக்கம் தாழ்த்திப் பிடித்தாய். அவரவர் வேண்டியதை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். தாழ்த்துவதற்கு முன்னால் உன் மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. முள்ளில்லாத நடுத்துண்டு என் கரண்டிக்கு நேராக வந்து நின்றது. உன் முகத்தில் ஒன்றுமில்லை.

பெயரைச் சொல்ல வாய் வராதவன் கொடுக்கும் நல்ல துண்டு எனக்கு எதற்கு? கையை நீட்டி எதிர்ப்பக்கத்து வால்துண்டை எடுத்தேன். மறுநாளும் நீ திருப்பினாய்; நான் எதிர்ப்பக்கம் போனேன். அதற்கடுத்த நாள் நான் எதிர்ப்பக்கம் போவேன் என்று கணக்குப் போட்டு நல்ல துண்டை அங்கே வைத்திருந்தாய். நான் அருகிலிருந்ததை எடுத்தேன். கடல் கொந்தளித்த நாட்களில் தட்டுகள் வழுக்காமலிருக்க விரிப்பின்மேல் தண்ணீர் தெளித்து வைப்பீர்கள். அந்த ஈர விரிப்பில் என் கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிப் படர்ந்தது. வக்கீலின் மனைவி, மீனைப் பிடிக்கக் கடலுக்குள்ளே இறங்குவீர்கள் போலிருக்கிறதே என்று என்னிடம் சொன்னாள். ஒரு சொல்லும் பேசாமல் நீயும் நானும் போட்ட சண்டை அது. நண்பர்கள் இருவர் ஒரு மீனை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்று அந்த மேஜையில் ஒருவருக்கும் தெரியாது.

ஏடனில் கப்பல் நின்றபோது கரையில் ஒரு சாயாக்கடையில் சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாய். நான் உட்காரவில்லை. "சாருக்கு சாயா வேணுமா?" என்றேன்.

நீ சிரித்தாய். அதுதான் என்னை மேலும் எரித்தது.

"எடா, அங்க நான் உன்னைப் பேரு சொல்லி விளிச்சா, அந்த மேஜைல நீ வெயிட்டரோட கூட்டுக்காரன். லண்டன் போற வரைக்கும் அவங்ககூட உக்காந்து திங்கணும் நீ."

"எனக்கு அதுல வெட்கமில்லையே."

"உனக்கு இல்லடா. அவங்க உனக்கு வர வைப்பாங்க. நான் தினம் பாக்கறேன்."

"அதை என்கிட்ட கேட்டியா நீ?"

நீ சாயாக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாய். நான் திரும்பி நடந்தேன்.

அதன் பிறகு மீனே வேண்டாமென்று வைத்தேன். பயணம் முடியும்வரை எனக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான். ஆனாலும் நீ ஒவ்வொரு வேளையும் நீள்தட்டைக் கொண்டுவந்து என் இடப்பக்கம் நின்றாய். மணிக்கட்டு திரும்பும். நான் தலையசைப்பேன். "தேங்க் யூ, சார்" என்று அடுத்தவரிடம் போவாய்.

படித்துத் திரும்பினேன். கல்லூரியில் எனக்கு வந்திருக்க வேண்டிய வேலை, யாருக்கு யார் வேண்டியவர் என்ற கணக்கில் வேறொருவருக்குப் போனது. அன்றைய வக்கீலைப் போன்றவர்கள்தான் அங்கேயும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி ஏடனில் நீ சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு அதிக காலம் ஆகவில்லை. அதனால் உன்மேல் இருந்த கோபம் குறைந்துவிடவில்லை. நீ சொன்னது சரி என்பதற்காக, என்னைக் கேட்காமல் எனக்காக முடிவெடுத்தது சரியாகிவிடுமா? விடுமுறையில் வந்தபோதெல்லாம் பள்ளிவாசல் வாசலில் ஸலாம் சொன்னாய். பதில் ஸலாம் கடமை என்பதால் சொன்னேன். அதோடு சரி. இப்படியே வருடங்கள் போயின. கடைசி முறை காய்ச்சலோடு கப்பலிலிருந்து இறங்கி வந்தாய் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உன் உடலைத்தான் ஜனாஸாத் தொழுகைக்கு வைத்தார்கள்.

உன் வீட்டுப் பாயில் என்னோடு இருந்த இருவரையும் எனக்குத் தெரியாது. நாலாவதாக, உன்னை 'இக்கா' என்று அழைக்கும் உன் தம்பி வந்து உட்கார்ந்தான். பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தவன், எதையோ தேடுவது தெரிந்தது. கிடைத்ததும் தட்டின் விளிம்பைப் பிடித்துத் திருப்பினான். ஈரல் துண்டு என் முன்னால் வந்து நின்றது.

"இக்கா சொல்லிருக்கு, உங்களுக்கு ஈரல்தான்னு. வீட்டுல சாப்பாட்டுக்கு உக்காந்தா உங்க பேரைச் சொல்லாம எழும்பாது."

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆக, உன் வீட்டில் எல்லாரிடமும் என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். என்னிடம்தான் சொல்லவில்லை. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உன்மேல் இருக்கும் கோபத்தையும் நான் கீழே வைக்கவில்லை. ஆனால் அன்று என் கை எதிர்ப்பக்கம் நீளவில்லை. முன்னால் வந்து நின்றதைத்தான் எடுத்தேன்.