யன்னல் வரிசையின் சுவிச்

இன்று மாலை அலுவலகத்தில் கணினியை விட்டு வெளியேறும்போது திரையில் ஒரு வரி வந்தது. பாதியில் நிறுத்தி வைத்த வேலை ஒன்று இன்னும் இருக்கிறது என்று. கணினியை இயக்கும் லினக்ஸ் அதை ஒருமுறைதான் சொல்லும். திரும்பவும் வெளியேறச் சொன்னால் மறுபேச்சில்லாமல் விட்டுவிடும்.

நான் திரும்பச் சொல்லவில்லை. கதிரையில் அப்படியே இருந்தேன்.

நீ இறந்துவிட்டாய் என்று உன் தங்கையின் மின்னஞ்சல் வந்து இருபத்திரண்டு நாள். ரொறன்ரோ. வைத்தியசாலை. கடைசி வாரம் நீ யாருடனும் பேசவில்லை என்று எழுதியிருந்தாள். உனக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. ஆறு வருஷமாக இருந்தது.

நாம் படித்த நிறுவகம் இப்போது இல்லை. கண்டியில் அந்த மாடியில் புடவைக் கடை. போன மாதம் ஏறிப் பார்த்தேன். யன்னல் பக்கத்துச் சுவரில் அந்தச் சுவிச் மட்டும் இருக்கிறது. மேலே வெள்ளை அடித்துவிட்டார்கள்.

முதல் நாள் நீ என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. "நீ இந்தியாவோ?"

"ஹந்தானை. மேல தேயிலைத் தோட்டத்துல."

"பேந்தென்ன படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய்?"

"நீங்கதான் ரேடியோ நாடகம் மாதிரி பேசுறீங்க" என்றேன். அதற்குப் பிறகு 'நீங்க' போய்விட்டது.

ஒரு சேர்வர். அதனோடு இணைந்த இருபத்தெட்டுக் கணினிகள். காலையில் கூடத்தைத் திறப்பதும் சேர்வரைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அந்த வேலை இருந்ததால்தான் நான் அங்கே படிக்க முடிந்தது. யார் எங்கே இருக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் யன்னல் வரிசை தமிழ் பேசும் எங்களுடையது. யாழ்ப்பாணத்துப் பெண்கள், நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள், திகனவிலிருந்து ரிஸ்வான். ஒவ்வொரு வரிசைக் கணினிகளின் மின்சாரத்துக்கும் சுவரில் ஒரு சுவிச். கடைசியாக எழும்புகிறவர் அதை அணைக்கவேண்டும். எழுதி வைக்காத வழக்கம்.

அது போர்க் காலம்; நான் சொல்லவேண்டியது தொடங்கிய அன்று நீ வரவில்லை. கட்டுகஸ்தோட்டையில் அறை மாறியிருந்தாய். புது விலாசத்தைப் பதிய பொலிஸ் நிலையத்தில் நின்றாய்.

மத்தியானத்துக்குப் பிறகு ரிஸ்வானின் தொலைபேசி அடித்தது. அழைத்தது அவனுடைய நானா, அண்ணன். ரிஸ்வான் கேட்டுவிட்டு, திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"கொழும்பு பஸ்ல குண்டாம். ரோட்ட மூட முந்திப் போயிடுவோம்."

ஐந்து நிமிஷத்தில் வரிசை காலி. யாரும் முறையாக வெளியேறவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பையை எடுத்தோம். கடைசி ஆள் நான். கை தன்பாட்டில் சுவிச்சுக்குப் போனது.

மறுநாள் காலை சேர்வர் நகரவில்லை. ஓர் எழுத்தை அடித்தால் அது திரைக்கு வர நேரம் எடுத்தது. கூடத்துப் பொறுப்பாளர் வந்து பார்த்தார். ஆட்கள் போன பிறகும் யாருடைய நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று கண்டுபிடித்து, திரையில் வருவதை அப்படியே அச்செடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. என்னைச் சிங்களத்தில் நங்கி, தங்கை, என்றுதான் கூப்பிடுவார். கவனமில்லாதவர்கள் வெட்கப்படட்டும் என்பதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை. பட்டியல் ஆயத்தமாகும்போது வருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே தேநீர் குடிக்கப் போனார்.

நீ வந்தாய். இருவருமாகப் பார்த்தோம். முறையாக வெளியேறினால் சேர்வர் நம்முடைய வேலைகளை மூடிவிடும். கணினியின் மின்சாரத்தைச் சுவரில் வெட்டினால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆள் இன்னும் கதிரையில் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அப்படிப் பதினான்கு பேர் இருந்தார்கள். ஆறாவது பெயர் என்னுடையது.

நான் பெயர்களைப் பார்த்தேன். நீ பக்கத்து எண்களைப் பார்த்தாய். ஒவ்வொருவரும் கடைசியாக விசையைத் தொட்டு எவ்வளவு நேரம் என்று அவை சொல்லும்.

"எல்லாருக்கும் ஒரே நேரம், பாரடி."

மணிக்கூட்டிலிருந்து கழித்தாய். முந்தின நாள் இரண்டு இருபது. ரேடியோவில் செய்தி வந்தது மூன்று மணிக்கு.

நீ கதவைத் திரும்பிப் பார்த்தாய். கீழே வாசலில் காவல் நிற்பவர்கள் இடைக்கிடை மேலே வந்து அறிவித்தல் பலகையை வாசித்துவிட்டுப் போவார்கள். அதை நானும் அப்போதுதான் நினைத்தேன்.

"இது பலகையில ஏறினா வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? பதினாலு பேரும் எங்கட வரிசை. செய்திக்கு முன்னமே எழும்பிப் போட்டினம், குண்டு தெரிஞ்ச மாதிரி."

"சுவிச்ச அணைச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும். நீதானே எப்பவும் கடைசி."

எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்றாய். நிறுத்தினால் அவர்கள் எழுதியது போய்விடுமே என்றேன். "ஆக்கள் இருந்தாத் திரும்ப எழுதுவினம்" என்றாய். வெறும் பட்டியலைக் கொடுத்தால் அவர் நம்பமாட்டார், என் வேலை போய்விடும் என்றேன். அதற்கும் உன்னிடம் பதில் இருந்தது.

"என்ர பெயரைப் போடு."

உன்னுடைய கணக்கீடு ஒன்றும் சேர்வரில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மலைநாட்டில் நாற்பது வருஷ மழை. இறுதி ஆண்டு ஆய்வுக்கு. ஆள் போன பின்னும் ஓடட்டும் என்று நீ தெரிந்தே விட்டு வைத்தது. ஒன்பது நாளாக ஓடியது, இன்னும் இரண்டு நாள் வேண்டும். பெயர் பட்டியலில் வந்தால் அவர் அதை நிறுத்திவிடுவார். இருவருக்கும் தெரியும்.

"ரெண்டு இருபதுக்கு நான் பொலிசில நிண்டனான்" என்று சிரித்தாய். "அவங்கட புத்தகத்திலயே எழுதிக் கிடக்கு. வேறை ஆருக்கு அப்பிடி ஒரு சாட்சி இருக்கு?"

நிறுத்தும் கட்டளைக்கு லினக்ஸில் பெயர் 'கொல்'. நீ அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டாய். "நிப்பாட்டு" என்றாய்.

இனி, நான் எழுதவேண்டியது.

படியில் பொறுப்பாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டியலில் முதலில் இருந்தது ரிஸ்வான். நான் அவனைத் தாண்டினேன். அடுத்த நாலு பேரையும் தாண்டினேன். முதலில் நிறுத்தியது என்னுடையதை.

ஒரு கணம் திரையில் பதின்மூன்று பெயர்கள் இருந்தன. சுவிச்சை அணைத்தவளின் பெயர் அதில் இல்லை. அவர் அந்தக் கணத்தில் உள்ளே வந்திருந்தால் அதுதான் பலகைக்குப் போயிருக்கும்.

நீ என் கதிரைக்குப் பின்னால் நின்றாய். பார்த்தாய். நீ பார்த்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் உன் மூச்சு ஒருமுறை நின்றது. பிறகு சொன்னாய்: "மற்றதையும் நிப்பாட்டு."

செருப்புச் சத்தம் நம் கதவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனது. பதின்மூன்றையும் நிறுத்த நேரம் இருந்தது. அவசரப்படத் தேவையே இருக்கவில்லை.

ஒற்றைப் பெயரோடு அந்தத் தாள் பதினொரு நாள் பலகையில் தொங்கியது. உன் கணக்கீடு நிறுத்தப்பட்டது. மூன்று வாரம் சேர்வருக்குள் உன்னை விடவில்லை. ஆய்வை அடுத்த தொகுதி மாணவர்களோடுதான் கொடுத்தாய். வரிசையில் உனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்: சேர்வர்விழுங்கி. தாங்கள் எழுதியதெல்லாம் உன்னால்தான் போனது என்று ரிஸ்வான் ஒரு வாரம் நக்கலடித்தான்.

"ஓம், என்ர பிழைதான்" என்றாய் நீ, சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு உனக்கு விசா வந்தது. பிறகு போர் முடிந்தது. கடிதங்களில் நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நான் மூன்று தடவை எழுதத் தொடங்கினேன்.

இந்த அலுவலகத்தில் பதினொரு பேர். ஆள் போன பின்னும் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், உரியவரைத் தொலைபேசியில் கேட்காமல் நான் அதைத் தொடுவதில்லை. ஐந்தரைக்கு, சுவிச்சில் கை வைப்பதற்கு முன், பெயர் பெயராகக் கேட்கிறேன். வெளியே வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா. சிரிக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களை யாரிடமிருந்து வைத்திருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது: மற்றதையும் நிப்பாட்டு. நீ அதை ஒரு குற்றச்சாட்டைப் போலச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் இருந்திருக்காது.

நடந்ததை ரிஸ்வானுக்கு நேற்று எழுதிவிட்டேன். மற்றவர்களின் விலாசங்களைத் தேடுகிறேன்.

பாதியில் நின்ற வேலை எது என்று அப்போதே பார்த்தேன். மத்தியானம் தொடங்கி, ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிட்ட இந்தக் கடிதம். அதை முன்னுக்கு எடுத்து இதுவரை எழுதியாயிற்று. பதினொரு பேரும் போய்விட்டார்கள். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டேன், யாருடையதும் மிச்சமில்லை.

இனி என்னுடையதை மூடுகிறேன். கடைசியாக.