மோர்மிளகாய் என்று நினைத்து

இரும்புலியூர்,
திங்கள் காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

எழில் எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

வெள்ளிக்கிழமை சிறுசேரி ஆபீஸிலிருந்து எங்களை ஒரு சிச்சுவான் ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். காரத்துக்குப் பேர்போன சீனச் சமையல். கோழிக்கறிமேல் வறுத்த மிளகாய் குவிந்து கிடந்தது. நீங்கள் போடும் மோர்மிளகாய் மாதிரிதானே என்று நாலைந்தைக் கடித்துத் தின்றுவிட்டேன். அதை ஒதுக்கிவைக்க வேண்டுமாம். நாக்கு மரத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கவேயில்லை.

பக்கத்து சீட் சுப்ரஜா, "ஏய், அழறியா?" என்றாள்.

"சே, காரம்டி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். காரம் அடங்கிய பிறகும் அரைமணி நேரம் கண்ணீர் கொட்டியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வசதியாக இருந்தது.

இங்கே மோர்மிளகாய் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். காரம் கூடுதலாகவே இருக்கட்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

எழில்