பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர்

நேற்று மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். யாரோ மொபெட்டில் மாட்டுக்குப் போடும் குதிரைமசால் தழைக் கட்டு ஏற்றிக்கொண்டு போனார். அறுத்த தழையின் வாசனை வந்ததும் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நமக்கு அடுத்தடுத்த வாடகை வீடு. நீ மாட்டுப் பண்ணையில் தீவனம் அறுத்தாய். நான் கல்யாணமாகிப் புதிதாய் வந்தவள். என் வீட்டுக்காரர் ஒரு சினை முயலை வாங்கிவந்து என் தலையில் கட்டினார். அது ஆறு குட்டி போட்டது. பிள்ளை பெற்றவள்தானே என்று அதற்கும் பத்தியம் வைத்தேன். தண்ணீர் கிடையாது, தழை கிடையாது, வெறும் ராகிக் களி. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் காலையில் ஒரு குட்டி பாதிதான் கிடந்தது. தாயே தின்றிருந்தது. பேய் பிடித்த பிராணி, சானமாவுக் காட்டில் விட்டுவிடலாம் என்று அழுதேன். நீ கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாய்.

"தாகம் தாங்காம தின்னிருக்குதுடி. தண்ணி இல்லாம பால் எங்கிருந்து ஊறும்?"

கொட்டாங்குச்சியில் நீ வைத்த தண்ணீரை அது தலை தூக்காமல் குடித்தது. பனி ஈரத்தோடு தழை போட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும் என்று, குதிரைமசாலை நிழலில் உலர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாய். மிச்சம் ஐந்தும் பிழைத்தன.

மறுவருஷம் என் மகள் பிறந்தாள். எனக்கும் அதே பத்தியம். நாளுக்கு இரண்டு மடக்குக்கு மேல் மாமியார் தண்ணீர் தரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது, பால் வற்றியது, குழந்தை கத்திக் கத்தி ஓய்ந்துபோனது. நானே முயலுக்கு அதைச் செய்தவள், எந்த வாயால் கேட்பேன்? நீ செம்பு நிறைய ஆறவைத்த வெந்நீரோடு நேரே உள்ளே வந்தாய். மாமியார் வழிமறித்தார்.

"முயலுக்கே வச்சேன் அத்தே. இவளுக்கு வேணாமா?"

அவரைத் தாண்டி வந்து என் வாயில் செம்பை வைத்தாய். அதன்பிறகு ஒரு வருஷம் மாமியார் உன்னை எங்கள் வாசற்படி ஏற விடவில்லை. நீ அதைப் பொருட்படுத்தவே இல்லை. எனக்குத்தான் இன்றும் வலிக்கிறது.

என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது, எல்லோரும் குழந்தையைப் பார்க்க ஓடினார்கள். நான் அவள் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தேன். போதும் என்று அவளாகச் சொல்லும்வரை கொடுத்தேன்.