சித்தி வீட்டுக் கரியும் என் பதினாலு ஆடும்

கொச்கோர்,
நவம்பர் 9

பெகாயிம் கண்ணே,

உன் ஜிபார் சித்தி வீட்டு முற்றத்தில் நேற்று மத்தியானம் அரசாங்க நிலக்கரி இரண்டு டன் வந்து இறங்கிவிட்டது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் போன மாதக் கடைசியில் போனில் மூன்று தரம் நீ கேட்டும் வந்துவிடும் வந்துவிடும் என்று மழுப்பினேன், அது உனக்கு உறுத்தியிருக்கும். நாங்கள் நலம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் பனி விழப்போவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்கிறது. நீ எப்படி இருக்கிறாய், அந்த ஊர்க் குளிரில் இன்னும் ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்துதான் போகிறாயா? இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பும் பூட்ஸ் பெட்டிக்குள் வைக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், மீதிப் பாதியில் என்னைத் திட்டுவாய், கதை முடியாது.

சித்தப்பா இறந்துபோனபிறகு வந்த இரண்டு குளிர்காலமும் ஏழை வீடுகளுக்கான கரிப் பட்டியலில் ஜிபார் பேர் இருந்தது. இந்த வருஷம் இல்லை. நடந்தது இதுதான். ஊராட்சி அலுவலகத்து மேதர்பெக் செப்டம்பரில் வீடு வீடாக வந்து தலையையும் கால்நடையையும் எண்ணி எழுதுவான் இல்லையா, அவன் சித்தி வீட்டுக்கு வந்த நாள் எது தெரியுமா, அவள் பெரிய பெண் ஐபெரியைப் பெண் கேட்டு ரொட்டிக்கடை சோனுன் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த நாள். ஆடு அடித்து, விரிப்பு நிறைய போர்சோக் மாவுத்துண்டு பொரித்துக் கொட்டி, ஏழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவன் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகவே, "ஜிபார் அக்கா, பதினாலு ஆடு, ரெண்டு மாடு, ஒரு குதிரை நிக்குதே, எல்லாம் யாரோடது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறான். சம்பந்தம் பேச வந்தவர்கள் கையில் எலும்போடு திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன சொல்வாய்? "யாரோடதா? எங்களோடதுதான்! வெளியில நின்னு எண்ணாம உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடு" என்று சொல்லிவிட்டாள் உன் சித்தி. அவனும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டான். மூன்று பேர் இருக்கும் வீட்டில் அத்தனை கால்நடை என்றால் எந்த அரசாங்கம் கரி கொடுக்கும்?

அத்தனையும் என்னுடையது என்று உனக்குத் தெரியும். சந்தையில் மடக்குக்கட்டில் போட்டுக் காலுறை விற்ற காலத்திலிருந்தே மிஞ்சியதை நான் ஆடாகத்தான் சேர்த்தேன், நம் வீட்டு முற்றத்தில் ஒரு கோழி நிற்கக்கூட இடமில்லை, அதனால் ஜிபாரிடம் வாரத்துக்கு வளர்க்க விட்டேன், பால் அவளுக்கு மாடு எனக்கு என்று. எழுத்தில் ஒன்றும் வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். என் பேரில் பதினாலு ஆடு இருப்பது தெரிந்தால் உன் அப்பாவின் சொந்தக்காரர்கள் தொட்டில் விருந்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று ஒரே வருஷத்தில் கொட்டகையைக் காலி செய்துவிடுவார்கள். ஆக என் கெட்டிக்காரத்தனம் பாதி, அவள் வாய் பாதி, இரண்டும் சேர்ந்து அந்தக் குழந்தையின் அடுப்பை அணைத்துவிட்டன.

குழந்தை என்றால் ஜிபாரின் சின்னவள் மரால்தான். போன வருஷம் நுரையீரலில் சளி கட்டி அவள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நினைத்துக்கொள். அக்டோபர் கடைசியில் அவளுக்குப் பூட்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் எல்லோரும் ஒரே அறையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அடுப்பில் ஈர வறட்டி, அறை முழுக்கப் புகை, குழந்தை இருமுகிற இருமலில் அவள் தோள்பட்டை தூக்கித் தூக்கிப் போடுகிறது. கரி எங்கே என்றால் அடுத்த வாரம் என்கிறாள் உன் சித்தி. மரால்தான் உடைத்துச் சொன்னாள், "எங்க பேரு ஊராட்சிப் பலகையில இல்ல பெரியம்மா, அம்மா மாட்டுக்கிட்ட நின்னு அழுதாங்க." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன்டி, ஒரு மாசமா வாயில போர்சோக்கா அடைச்சிருந்துச்சு?" என்று கேட்டேன். "உன் மாட்டுப் பாலையும் குடிச்சுட்டு உன்கிட்டயே வந்து கரியும் இல்லன்னு எப்படிக்கா சொல்லுவேன்? நீ உடனே வாங்கிக் குடுத்துருவ" என்றாள். "சரி, மேதர்பெக்கிட்டயாவது போய்ச் சொல்லியிருக்கலாமே?" "சொன்னா சோனுன் வீட்டுக்குத் தெரியும். என் பொண்ணு கதை என்ன ஆகுறது?"

என்னால் வாங்கிக் கொடுக்க முடியாதா? அன்று சாயங்காலமே பத்து மூட்டை அனுப்பினேன், அது வேறு. ஆனால் அவளுக்குச் சேரவேண்டியதை என் ஆடு தின்றிருக்கிறது, அதை நான் காசு போட்டு மூடினால் அடுத்த வருஷமும் தின்னும், நான் இல்லாத வருஷமும் தின்னும். மறுநாள் என் செருப்புக்கடையைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். மேதர்பெக் கெட்டவன் இல்லை. "அனார்கான் அக்கா, அவங்க வாயால சொன்னதத்தான் எழுதினேன், நானா குதிரைய ஓட்டிட்டு வந்து கட்டினேன்?" என்றான். வெள்ளிக்கிழமைக்குள் கால்நடைக்கு உண்மைச் சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், பக்கத்து வீட்டார் இருவர் சாட்சி வேண்டும், அதற்குப் பிறகு புதுப் பட்டியல் ஐந்து நாள் வாசல் பலகையில் தொங்கவேண்டும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கு, அதுதான் விதி என்றான். நான் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், பதினாலு ஆட்டையும் ஊர் பார்க்கட்டும். கஷ்டம் அந்தப் பலகைதான். அதற்கு நேர் எதிரில்தான் சோனுன் ரொட்டிக்கடை, ஜன்னலில் நின்று மாவு பிசைந்தாலே பட்டியலைப் படிக்கலாம். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் ஜிபார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்க்கா, வறட்டியே போதும், கல்யாணம் முடியட்டும்" என்கிறாள். உள்ளேயிருந்து மரால் இருமுகிறாள். ஐபெரி அம்மாவின் கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

சரக்கில் ஓட்டை இருந்தால் வாங்குகிறவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே விரல் வைத்துக் காட்டிவிடுவேன், இருபது வருஷமாக என் வியாபாரம் அப்படித்தான். பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே ரொட்டிக்கடைக்குப் போனேன். "சோனுன், அன்னைக்கு நீங்க பாத்ததுல ஒரு ஆட்டு வால்கூட ஜிபாரோடது இல்ல, எல்லாம் என்னுது. அவ பேரு நாளைக்குக் கரிப் பட்டியல்ல வரும். பொண்ணு வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, பலகையப் பாத்துட்டு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாதீங்க" என்றேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். கையிலிருந்த மாவை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள், ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் செருப்பு விலை பேசுவது போலப் பேசிவிட்டோமோ என்று எனக்குப் பட்டது. அப்புறம் சொன்னாள் பார், "அடிப் பாவி, இத ஒரு மாசம் முன்னாடி சொல்லக்கூடாதா! அந்தக் குதிரையப் பாத்ததுலேருந்து எங்க வீட்டுக்காரர் சரியா சாப்பிடல, மாப்பிள்ளை வீட்டுச் சீர இவங்களுக்கு ஈடா குடுக்கணும்னு பேங்க்ல ரெண்டு லட்சம் கடன் கேட்டு எழுதி வச்சிருக்காரு!" கல்லாவுக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, சூடான ரொட்டி ஒன்றை அதிலேயே சுற்றி என் கையில் கொடுத்தாள். "இன்னொண்ணும் கேட்டுக்கோ, அன்னைக்கு நாங்க வந்து இறங்கின காரு எங்க அண்ணனோடது. பெட்ரோல் மட்டும்தான் எங்களுது." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாடிக்கையாளர் ஒருத்தர் திரும்பிப் போய்விட்டார். ஐபெரியிடம் வந்து சொன்னால், "அவருக்குக் குதிரை மேலயா பெரியம்மா ஆசை?" என்கிறாள், அழுத்தக்காரி, மாப்பிள்ளைக்குக் குதிரை ஒரு பொருட்டே இல்லை என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஐந்து நாளில் ஒருத்தரும் ஆட்சேபம் சொல்லவில்லை. நேற்று லாரி வந்தது, கரா-கெச்சே சுரங்கத்துக் கரி, கட்டி கட்டியாக, தூள் குறைவு, நானே நாலு கட்டி உடைத்துப் பார்த்தேன். சாயங்காலம் போனபோது மரால் வெறும் உள்சட்டையோடு அடுப்பிலிருந்து எட்டடி தள்ளிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், உன் சித்தி கோட்டை ஆணியில் மாட்டியிருந்தாள். எத்தனை நாள் கழித்து அவள் தோளைக் கோட்டு இல்லாமல் நான் பார்க்கிறேன். என் பதினாலு ஆடு விஷயமும் வெளியே வந்தாயிற்று, உன் அப்பாவின் தம்பி நேற்றே தொட்டில் விருந்துக்கு ஒன்று கேட்டுவிட்டார். கேட்கட்டும்.

சித்திக்குக் கரி வாங்க என்று நீ எடுத்துவைத்த பணத்தை இங்கே அனுப்பாதே, அதில் உனக்கு ஒரு நல்ல கம்பளிக் கோட்டு எடுத்துக்கொள், விலை கேட்டதும் கொடுத்துவிடாதே, வாசல்வரை நடந்து போய்த் திரும்பு. அங்கேயும் வீட்டைச் சூடாக்க ஏதாவது அரசாங்க உதவி இருந்தால் கேட்டு எழுதிக்கொள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, பொய் சொன்னால்தான் குளிரும். உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், ஐபெரி கல்யாணம் மே மாதம், அதற்கு இப்போதே லீவு எழுதிக் கொடு.

உன் அம்மா,
அனார்கான்

என்ன பேசி முடித்தீர்கள் என்று நீ கேட்பாய், எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது ஐம்பதாயிரம் சோம், விருந்துக்கு ஓர் ஆடு, ஐபெரிக்கு ஒரு ஜோடி வெள்ளித் தோடு, கடன் வாங்கக்கூடாது. நம் பக்கம் ஆறு மெத்தை, ஒரு தையல் மிஷின். எனக்கும் ஜிபாருக்கும், இந்தத் தடவை எழுத்தில், பாலும் கம்பளியும் அவளுக்கு, பிறக்கும் மூன்று குட்டியில் ஒன்று அவளுக்கு. கரிக்கு விலை கிடையாது, லாரி வாடகை மட்டும் அறுநூறு சோம். அதை ஜிபார் தன் கையால் கொடுத்தாள், என்னைப் பையைத் திறக்கவிடவில்லை.