மச்சினன் மூக்குக்கு வைத்த குறி

பிப்ரவரி 6, 2024
ஜில்லா ஏர்கன் போட்டியில் மூன்றாவதாக வந்தவன் நான். வந்ததே மூன்று பேர் என்பது வேறு விஷயம். அன்று காற்று மட்டும் நியாயமாக அடித்திருந்தால் ஒலிம்பிக்கே மரக்காணத்துக்கு வந்திருக்கும்.

குறி அட்டை தீர்ந்துவிட்டது. கடை போர்டு எழுதுகிற கை சும்மா இருக்குமா? பலகையில் மச்சினன் புருஷோத்தமன் முகத்தை வரைந்தேன். உப்புப் பாத்தி வரப்பை என் பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டவன். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. மூக்கு அச்சாக வந்தது. ஒரு காக்கா பார்த்துக் கும்பிட்டுப் போனது.

மூக்கைக் குறிவைத்துப் பத்து குண்டு. பத்தும் முகத்தைச் சுற்றி விழுந்தன. துப்பாக்கியில் கோளாறு.

பிப்ரவரி 11
பெண்டாட்டி அம்சவள்ளி தம்பியிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். வந்தான். ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினான். கண் கலங்கிவிட்டது.

"இவ்ளோ கோவத்துலயும் எம்மேல ஒன்னுகூட படாம சுட்டிருக்கீங்களே மாமா!"

"பின்ன? என் கை தப்புமா?" என்றேன்.

மூன்று வருஷம் கழித்து என் வீட்டில் சாப்பிட்டான். மீன் குழம்பு மூன்று தடவை.

பிப்ரவரி 15
பாவி, ஊரெல்லாம் சொல்லிட்டான்! மாசி மகத்தன்று கடற்கரையில், படத்துக்குப் பதிலா பலகை முன்னால அவனே நிக்கப்போறானாம், நான் மேல படாம சுத்திச் சுடணுமாம்.

பிப்ரவரி 19
தாங்காமல் சொல்லிவிட்டேன். "டேய், உன் மூக்கப் பார்த்துதான்டா சுட்டேன். ஒன்னுகூட படல."

விழுந்து விழுந்து சிரித்தான். "யக்கா, மாமாவுக்கு எவ்ளோ அடக்கம் பாரு!"

ஐம்பத்தெட்டு வயதில் சொன்ன முதல் உண்மை.

பிப்ரவரி 21
மூக்கைப் பார்த்துச் சுட்டால் பக்கத்தில் போகிறது. அப்போ பக்கத்தைப் பார்த்துச் சுட்டால் —? ஐயோ, வேணாம்.

பிப்ரவரி 23
வெள்ளைப் பலகையில் ஆள் அளவுக்குச் சுற்றிப் பத்து ஓட்டைகள் வரைந்தேன். கருப்பு பெயிண்ட். விளிம்பு, நிழல் எல்லாம் உண்டு. இவ்வளவு தத்ரூபமாக அவன் மூக்குகூட வந்ததில்லை.

பிப்ரவரி 24, மாசி மகம்
ஓட்டை கண்ணுக்குத் தெரியாதபடி கூட்டத்தை நாற்பதடி தள்ளி நிறுத்தினேன். மச்சினன் கண்ணைக் கட்டிப் பலகைமுன் நிறுத்தினேன். குண்டு போடாத ஏர்கன். டப், டப், பத்து தடவை. ஒவ்வொரு டப்புக்கும் "முருகா" என்றான். ஒரே விசில்.

கட்டை அவிழ்த்ததும் திரும்பி ஓர் ஓட்டையில் விரலை விட்டான். போகவில்லை. விரல் கருப்பாக வந்தது. உப்புக்காற்றில் பெயிண்ட் எங்கே காய்கிறது?

விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"யாரும் கிட்ட வராதீங்கப்பா! குண்டு பட்ட எடம் இன்னும் கொதிக்குது!" என்று கத்தினான். கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துப் பலகையை மூடிவிட்டு, அத்தனை ஜனத்துக்கு முன்னால் டவுசரோடு நின்றான்.

பிப்ரவரி 26
வரப்பை அளந்து பார்த்தேன். இரண்டடி இல்லை. நாலு விரல்.

அவனிடம் சொன்னால் நம்பமாட்டான்.