கீழே மட்டும் கையெழுத்து

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில், காற்று இல்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை. டிரைவர்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டு.

வேலை போய் இன்று பதினொன்றாம் நாள். மணலி கம்பெனி கேட்டில் எங்கள் பன்னிரண்டு பேரையும் நிறுத்தி, "ஆர்டர் இல்ல, இன்னையிலேர்ந்து வேணாம்" என்று காண்ட்ராக்டர் ஆள் சொன்னதோடு சரி. ஒன்பது வருஷம் பைப் பிட்டர் வேலை. லாக்கரில் இருந்த டிபன் பாக்ஸை எடுக்கக்கூட உள்ளே விடவில்லை. வீட்டில் ரேவதி இன்னும் அந்த டிபன் பாக்ஸைப் பற்றித்தான் கேட்கிறாள். வேலையைப் பற்றிக் கேட்பதில்லை, அந்த மட்டும் நல்லது.

செய்ய வேண்டியது:
– கேஸ் புக்கிங்
– மாத்தூர் வெல்டிங் ஷெட், ஆள் வேண்டுமாம்
– செருப்புக்கு வார்
– பழைய சம்பளச் சீட்டுகளைத் தேட

சீட்டு எதற்கு? டில்லிபாபு போன் செய்தான். பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன். வியாசர்பாடி. போன மாதம்தான் பெண் குழந்தை.

"அண்ணே, வேல பூட்சினா மூணு மாசத்துக்கு பாதி சம்பளம் தராங்களாம். நம்ம சம்பளத்துல மாசாமாசம் இன்சூரன்ஸுன்னு புடிச்சிகினு இருந்தாங்களே, அதுலேர்ந்து. நெஜம்ணே, எனுக்கு தோஸ்து ஒருத்தன் வாங்கிகீறான்."

நம்பிக்கை இல்லை. ஒன்பது வருஷப் பிடித்தத்தில் நான் வாங்கியது, விரல் நசுங்கியபோது ஒரு வாரத்துக்கு மாத்திரை.

மாத்தூர் ஷெட்: நாற்பதுக்கு மேல் வேண்டாமாம். எனக்கு நாற்பத்தொன்று. ஒரு வருஷம் முன்னாலேயே துரத்தியிருக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. கீழே இறங்கி அண்ணாச்சி கடையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் அவர்தான், தரைத்தளத்தில் ஹார்டுவேர் கடையும் அவருடையதுதான். தூத்துக்குடிப் பக்கம். ஞாயிறு சர்ச், மற்ற ஆறு நாளும் கல்லா.

பாதிச் சம்பள விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நல்லாருக்கு தம்பி. காலைல ஆறு மணிக்குக் கடை தொறந்து நான் வரி கட்டுவேன். வேலைக்குப் போவாதவன் வீட்டுல கால நீட்டிட்டு அத வாங்குவான். இப்படிக் குடுத்தா எவன் வேலைக்குப் போவான்?"

"அது என் சம்பளத்துலேர்ந்து புடிச்ச காசு அண்ணாச்சி."

"உன் ஒருத்தன் காசா? முதலாளி பங்கும் அதுல இருக்குல்லா. அவன் அத எங்கேருந்து எடுப்பான்? சரக்கு விலைய ஏத்துவான். நாந்தான வாங்குறேன்?"

மாடிப்படி ஏறும்போதுதான் பதில் வந்தது. எப்போதும் அப்படித்தான்.

ஆனால் முழுத் தப்பும் இல்லை அவர் சொல்வதில். எங்கள் பன்னிரண்டு பேரில் சேகர் இருக்கிறான், நைட் ஷிப்டில் பாய்லர் பின்னால் அட்டை விரித்துத் தூங்குகிறவன். அவனுக்கும் பாதிச் சம்பளம், எனக்கும் பாதிச் சம்பளம். நியாயமா? ஆனால் தூங்கினவனுக்கும் பிடித்தம் பிடித்தார்கள், தூங்காதவனுக்கும் பிடித்தார்கள்.

ஜூலை 9, புதன்

தேரடிப் பக்கம் ஆன்லைன் சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம் காப்பீட்டு எண்ணைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"அண்ணா, நீங்களே வேலய வுட்டுட்டதா கீதே இதுல."

"நான் எங்கம்மா வுட்டேன்? அவங்கதான் வேணான்னாங்க."

"தானா விலகினவங்களுக்கு கிடையாதுண்ணா. ஆபீஸ்ல போய் கேளுங்க."

பிரின்ட் எடுக்காமலே இருபது ரூபாய் வாங்கிக்கொண்டாள். டில்லிக்கும் அப்படியே. மற்ற பத்துப் பேருக்கும் அப்படியே என்று மாலைக்குள் தெரிந்தது. ஒரே நாளில் பன்னிரண்டு பேர் தானாக விலகியிருக்கிறோம். என்ன ஒற்றுமை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். கா. 10 மணி, ராயபுரம் பக்கம் காப்பீட்டு அலுவலகம். மூன்றாவது கவுன்ட்டர் மேடம் நல்ல மாதிரி. முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

காண்ட்ராக்டர் அனுப்பிய கடிதத்தின் நகலைக் காட்டினார். "சொந்தக் காரணங்களுக்காக நான் என் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்." டைப் அடித்தது. நான்கே வரி, தாளின் மேல் பகுதியில். அப்புறம் ஒரு சாண் காலி. அடியில் தணிகாசலம், என் பெயர்.

"இது உங்க கையெழுத்துதானே?"

என்னுடையதுதான். இல்லை என்று எப்படிச் சொல்ல?

"அப்புறம் எப்படி சார்?"

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் அரை மணி நேரம் நின்றேன்.

எப்படி என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் எந்தக் காண்ட்ராக்டரிடம் சேர்ந்தாலும் இதுதான் முறை: போட்டோ இரண்டு, ஆதார் நகல், வெள்ளைத் தாள் இரண்டு. தாளில் ஒன்றும் இருக்காது. அடியில் கையெழுத்துப் போட வேண்டும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவனுக்கு கேட் பாஸ் வராது. ஒன்பது வருஷம் முன்னால் நானும் போட்டேன். காண்ட்ராக்டரின் மேஸ்திரி நாகப்பன் பக்கத்தில் நின்று விரலை வைத்துக் காட்டினார், "இங்க, கீழ மட்டும்."

இதுவரை எழுதியது பாதி. மீதியையும் எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

மற்ற பதினோரு பேருக்கும் தாள் பிடித்துக் கையெழுத்து வாங்கியது நான்தான். நான் சீனியர் ஆனதும் மேஸ்திரி தாள் கட்டை என் கையில் கொடுத்துவிட்டார், "நீ சொன்னா பசங்க கேப்பானுங்க" என்று. என் பேனா, என் விரல். "இங்கடா, கீழ மட்டும்." டில்லி ஒருவன்தான் கேட்டான்.

"காலி பேப்பரு இன்னாத்துக்குண்ணே?"

"யூனிபார்முக்கு" என்று சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நம்பினேனா? நம்பவில்லை. நல்லதுக்கு இருக்காது என்று அப்போதே தெரியும். பெருமையாகவும் இருந்தது, கட்டு என் கையில் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

நேற்றும் இன்றும் அண்ணாச்சி கடையில் எனக்கு வேலை. கட்டிட வேலைக்காரர் ஒருவரிடமிருந்து ஜி.ஐ. பைப் நிறைய ஆர்டர், பைப் முனையில் மரை போட ஆள் இல்லை. ஞாயிறு சர்ச் முடிந்து வந்து என்னைக் கூப்பிட்டார். கை மறக்கவில்லை. மனசுக்கு இதமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கூலி நியாயமாகவே கொடுத்தார். வாங்கும்போது சொன்னேன், "அந்தப் பாதிச் சம்பள ஃபாரத்துல ஒரு எடம் இருக்கு அண்ணாச்சி. வேலை இல்லாத நாள்ல வேற வேலை செஞ்சீங்களான்னு. இந்த ரெண்டு நாளையும் எழுதிக் கழிச்சிடறேன். அப்பதான் சரியா இருக்கும், உங்க வரிக்கு."

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது.

"எழுதிராத தம்பி. எம் பேரு வருமா அதுல?"

"வரும்னு நெனக்கிறேன். எங்க வேலன்னு கேக்குது."

"எடே, உனக்குக் குடுத்ததுக்கு எங்கிட்ட பில் இல்ல, வவுச்சர் இல்ல. பைப்புக்கே பில் பாதிக்குத்தாம் போட்டிருக்கு. எவனாச்சும் வந்து நின்னான்னா? நீ ஒண்ணும் எழுத வேண்டாம். பாதிச் சம்பளம் முழுசா வாங்கிக்க. உன் காசுதான அது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே வந்தேன். ரேவதியிடம் சொன்னேன், அவள் அடக்கவில்லை. கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஃபாரத்தில் எழுதுவேன். கடை பெயருக்குப் பதில் 'கூலி வேலை' என்று.

ஜூலை 16, புதன்

மாலை திடீர் மழை, பத்து நிமிஷம். துணி நனைந்தது.

மேஸ்திரி நாகப்பன் போன்.

"இன்னா தணிகா, வூட்ல சும்மாதான கீற? திங்கக்கிழமை எட்டு மணிக்கு கேட்டாண்ட வந்துரு. உன்ன மட்டும்தான் கூப்புடுறேன், மத்தவன் யார்கிட்டயும் சொல்லிக்காத. புது பேட்ச் வருது, இருவது பேரு. எல்லாம் வெளியூர் பசங்க. பேப்பர் வேலையெல்லாம் நீதான் முடிச்சுக் குடுக்கணும்."

சரி என்றேன். ஆர்டர் இல்லை என்றார்களே என்று கேட்கவில்லை. படிப்படியாக எல்லாம் மறந்துவிடும் என்று தோன்றியது. ஒரு மணி நேரம் நல்ல சந்தோஷம்.

ஜூலை 18, வெள்ளி

டில்லியோடு மறுபடி அலுவலகம். அவன் இப்போது காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்கும் வேலைக்குப் போகிறான், கைகள் வெளுத்து ஊறிப்போய் இருந்தன. ஃபாரத்தில் அந்த நாட்களை எழுதச் சொன்னேன். "எழுதறேண்ணே, மறைச்சு இன்னா ஆவப்போது" என்றான்.

கவுன்ட்டர் மேடம் சொன்னது: கையெழுத்து உண்மை, தாள் காலியாக இருந்தது என்பதுதான் உங்கள் புகார். காலியாக இருந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் ஒருவர் வந்து எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு எடுக்கலாம். திங்கட்கிழமை 10.30க்கு அதிகாரி இருப்பார். அன்று விட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

டில்லி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "பார்த்த ஆளு யாருன்னு தேடணும் மேடம்" என்றான்.

அவனுக்குத் தெரியும். என் பேனாவில்தான் போட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தை போட்டோ காட்டினான். தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

புழுக்கம். சங்கரா மீன்.

ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை எட்டு மணி கேட். திங்கட்கிழமை 10.30 அலுவலகம். தாள் பிடித்தது. அவள் மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நீயா புட்ச?"

"ஆமா."

"டில்லி பொண்டாட்டிக்கு தெரியுமா?"

"தெரியாது."

செதிலைக் கழுவிக் கொட்டிவிட்டு வந்து சொன்னாள், "என் சம்பளம் கீது. ரெண்டு மாசம் ஓட்டலாம். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." அவள் மாத்தூர் தையல் கம்பெனியில் பீஸ் ரேட்.

மேலே ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டாளே என்று கோபம்.

எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் எனக்குத்தான். இல்லை, இது சரியில்லை. கேட் பக்கம் போனால் நஷ்டம் பதினோரு பேருக்கு, அப்புறம் அந்த இருபது பேருக்கு.

ஜூலை 21, திங்கள்

எட்டு மணிக்கு நான் ராயபுரம் பஸ்ஸில். போன் மூன்று முறை அடித்தது. எடுக்கவில்லை.

அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. தாள் கொடுத்தார். எழுதினேன்: இன்னார் இன்னார் பதினோரு பேரும் வேலையில் சேர்ந்த நாளில் காலித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள், நான்தான் போடச் சொன்னேன், நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அப்போது அதில் ஒரு எழுத்தும் இல்லை.

"உங்களுக்கே இதுல பிரச்சினை வரலாம், தெரியுமா?"

"தெரியும் சார்."

"பதினோரு பேர் கோப்பையும் மறுபடி திறக்கிறேன். உங்க கோப்பு தனி. உங்க தாள் காலியா இருந்தத பார்த்தவங்க யாரு? உங்களுக்கு நீங்களே சாட்சி ஆக முடியாது."

நியாயம்தான். வாயில் வந்தது வேறு, ஆனால் நியாயம்தான்.

வெளியே டில்லி. கையைப் பிடித்துக்கொண்டான். ஊறிப்போன கை. "அண்ணே" என்றான், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, நடு ரோட்டில், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

பகல் ஒரு மணிக்கு மேஸ்திரி மறுபடி. இந்த முறை எடுத்தேன். உள்ளதைச் சொன்னேன். மெதுவாகக் கேட்டார், "என் பேர எழுதினியா?"

"இல்ல. என் பேர மட்டுந்தான்."

வைத்துவிட்டார்.

ரேவதி வந்ததும் சொன்னேன். கால் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவங்களுக்கு வந்துரும். உனுக்கு?"

"என் தாள பார்த்த ஆளு வந்து சொல்லணும்."

"யாரு புட்சாங்க உனுக்கு?"

"மேஸ்திரி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிக்காமல், "போயி கேளு" என்றாள்.

அவர் வீடு கார்கில் நகர். சைக்கிளில் பத்து நிமிஷம். அவருக்கும் ஒரு நாள் வேலை போகும், அவருடைய தாளும் யாரோ ஒருவர் வைத்திருக்கும் கட்டுக்குள் இருக்கும். அதைத்தான் சொல்லிக் கேட்கப் போகிறேன். கதவைத் திறக்கிறாரோ இல்லையோ.